கழுத்துக்குப் பின்னால் ஒரு கை

மற்றவர்கள் ஒருவரைப் பார்த்தால் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் கழுத்தைப் பார்ப்பார். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வேலை பார்க்கும் பிள்ளைகள் பயிற்சி மையத்துக்கு அவர் முதன்முதலாக வந்தபோது, நான் எழுந்து "வாங்க சார்" என்றேன். பதிலுக்கு ஒரு வணக்கம் கூட இல்லை. என் தாடைக்குக் கீழே கண்ணை நிறுத்திவைத்துக்கொண்டு, "உங்களுக்கு வலது பக்கம் வலி இருக்கா, மிஸ்?" என்று கேட்டார். இருந்தது. பிள்ளைகளைத் தூக்கித் தூக்கி வந்த வலி. ஆனாலும், பிசியோதெரபிஸ்ட் ஒருத்தியிடம் பிள்ளையின் அப்பா கேட்கிற முதல் கேள்வியா அது? எனக்குச் சுருக்கென்றது. சரியான அதிகப்பிரசங்கி என்று அப்போதே மனதுக்குள் முத்திரை குத்திவிட்டேன்.

அவர் தள்ளிக்கொண்டு வந்த சக்கர நாற்காலியில் அவருடைய மகள் இருந்தாள். ஏழு வயது. பிறக்கும்போது மூச்சு முட்டியதில் மூளையில் அடிபட்ட பிள்ளை. வீட்டில் பாப்பா என்று கூப்பிடுவார்கள்; நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். காது நன்றாகக் கேட்கும். கண் பார்க்கும். கை கால் கொஞ்சம் அசையும். சிரிப்பு வந்துவிட்டால் கால் விரல் வரைக்கும் சிரிப்பாள். தலை மட்டும் நிற்கவில்லை.

நம் வீடுகளில் குழந்தை பிறந்து சில மாதம் ஆனால், பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் தவறாமல் கேட்பது இதைத்தானே? தலை நின்றுவிட்டதா? நின்றுவிட்டது என்று அம்மா சொன்னதும், அப்பாடா என்று பிள்ளையை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக் கொஞ்சுவார்கள். அதோடு அந்தக் கேள்வியை யாரும் மறுபடி கேட்பதில்லை. இவர்கள் வீட்டில் அந்தக் கேள்வி ஏழு வருடமாக வாசலிலேயே உட்கார்ந்திருந்தது.

அதனால் அவருடைய வலது கை எப்போதும் பாப்பாவின் கழுத்துக்குப் பின்னால் இருந்தது. பிடித்துக்கொண்டு அல்ல, தொடாமல், தொட்டுவிடுகிற தூரத்தில். தலை பின்னால் சாய்ந்தால் உள்ளங்கையில் விழும். முன்னால் கவிழ்ந்தால் விரல்கள் தாடையோரத்தில் போய்ப் பிடித்துக்கொள்ளும். அவர் என்னோடு பேசிக்கொண்டிருப்பார், கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார், வடை தின்றுகொண்டிருப்பார். எல்லாம் இடது கையால்தான். வலது கை அது பாட்டுக்குத் தன் வேலையைப் பார்க்கும். அது அவருக்குச் சொந்தமான கை மாதிரியே இருக்காது.

தொழிலைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் பொறியியல் விரிவுரையாளர். முதலில் கார் இருக்கைகள் எப்படிக் குலுங்குகின்றன என்று ஆராய்ந்தவர். பாப்பா பிறந்த பிறகு அதை விட்டுவிட்டு, மனிதர்கள் தலையை எப்படி ஆட்டுகிறார்கள், எப்படி ஆடாமல் வைத்துக்கொள்கிறார்கள் என்பதைக் கணிதச் சமன்பாடுகளாக எழுதுவதற்கு மாறினார். "தலையாட்டுறதுக்குக் கூடவா சார் கணக்கு?" என்றேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. பக்கத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்த துடைப்பக் கட்டையை எடுத்து, கைப்பிடியை இடது உள்ளங்கையில் ஊன்றி, துணிக் குஞ்சம் மேலே இருக்கும்படி நிறுத்தினார். அது சாய்ந்தது. கையை நகர்த்தினார். மறுபக்கம் சாய்ந்தது. நாற்காலியை விடாமலே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைந்து வளைந்து விரிவுரையாளர் எங்கள் கூடத்தில் கூத்தாடுவதைப் பார்த்துப் பிள்ளைகள் கத்திச் சிரித்தார்கள்.

"இதான் மிஸ் தலை. நிக்குதுன்னு நெனைக்கிறோம். நிக்கல. விழுந்துக்கிட்டே இருக்கு, நாம பிடிச்சுக்கிட்டே இருக்கோம். காதுக்குள்ள ஒரு கருவி இருக்கு, சாயுது சாயுதுன்னு சொல்லும். கழுத்துச் சதையும் சொல்லும். கண்ணும் சொல்லும். ஆனா எல்லாச் சேதியும் கொஞ்சம் லேட்டா தான் வந்து சேரும் லா. லேட்டா வர்ற சேதியை மட்டும் நம்பினா இந்தக் கட்டை மாதிரி தள்ளாட வேண்டியதுதான்."

"அப்ப எப்படி நிக்குது?"

"மூளை முன்கூட்டியே கெஸ் பண்ணிடும். எந்தப் பக்கம் விழப் போவுதுன்னு." துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, "பாப்பாவோட மூளைக்கு அந்த கெஸ் வரல. அதான் நான் பண்றேன்" என்றார். இவ்வளவும் பேசும்போது வலது கை நாற்காலிக்குப் பின்னால் அப்படியே இருந்தது. அன்றோடு நான் குத்திய முத்திரையை நானே அழித்துவிட்டேன்.

அவர்களைப் போல எனக்கும் வீடு கிள்ளான்தான். அதனால் மையம் முடிந்து பல நாள் ஒன்றாகவே கொமூட்டர் ரயிலில் திரும்புவோம். அவரிடம் கார் இருந்தது. கிள்ளான் சாலையில் கன்டெய்னர் லோரிகள் போட்டு வைத்திருக்கிற பள்ளங்களில் பாப்பாவின் தலை எப்போது எந்தப் பக்கம் எகிறும் என்று கணிக்க முடியாது என்பதால் காரை எடுக்க மாட்டார். ரயில் நல்லது என்பார். எந்த நிலையத்துக்கு முன்னால் பிரேக் இழுக்கும், எந்த வளைவில் எந்தப் பக்கம் தள்ளும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பாடாங் ஜாவா வருவதற்கு முன்பே கை தயாராகிவிடும். ரயில் இழுக்கும், தலை சாயும், உள்ளங்கை அங்கே ஏற்கெனவே காத்திருக்கும். பாப்பாவுக்குத் தன் தலை விழுந்ததே தெரியாது.

இந்தப் பழக்கம் பாப்பாவோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒருநாள் எதிர் இருக்கையில் ஒரு தம்பி தூங்கி வழிந்துகொண்டிருந்தான். போர்ட் கிள்ளானில் துறைமுக வேலை போலிருக்கிறது. பளபளக்கிற பட்டை தைத்த மேல்சட்டை, மடியில் ஹெல்மெட். அவன் தலை ஜன்னல் கம்பியை நோக்கிப் போவதும் தட்டுவதற்கு முன் திரும்புவதுமாக இருந்தது. இவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "மிஸ், பாப்பாவைக் கொஞ்சம் பிடிங்க" என்று என்னிடம் விட்டுவிட்டு எழுந்து போய், அவன் தலைக்கும் கம்பிக்கும் நடுவில் கையை வைத்தார். தலை வந்து கையில் விழுந்தது. அவன் திடுக்கிட்டு விழித்தான்.

"என்னா பாஸ்? என்னா வேணும்?"

"ஒண்ணும் இல்ல லா. தலை இடிச்சிடும்னு..."

"என் தலை பாஸ் அது! இடிச்சா இடிச்சிட்டுப் போவுது!"

பெட்டியே திரும்பிப் பார்த்தது. இவர் சாரி சாரி என்று திரும்பி வந்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து அந்தத் தம்பி பாப்பாவைக் கவனித்தான். நாற்காலியையும் கவனித்தான், பின்னால் இருந்த கையையும் கவனித்தான். நாங்கள் கிள்ளானில் இறங்கும்போது வந்து நாற்காலியின் முன்சக்கரத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போனான்.

அவருடைய ஆய்வுக்கு ஆள் வேண்டும் என்று என்னையும் ஒரு சனிக்கிழமை பல்கலைக்கழகத்துக்குக் கூப்பிட்டார். தண்டவாளம் மாதிரி இரண்டு கம்பிகளின் மேல் ஓடுகிற ஒரு நாற்காலி. அதில் என் தோளைப் பட்டையால் இறுக்கிக் கட்டி, தலையில் கருவி பொருத்திய ஒரு தொப்பியை மாட்டி, விளக்கை அணைத்துவிட்டார்கள். சொல்லாமல் கொள்ளாமல் நாற்காலி முன்னும் பின்னும் வெடுக் வெடுக்கென்று இழுக்கும். இருட்டுக்குள்ளிருந்து அவருடைய குரல் வந்தது.

"மிஸ், பதினேழாம் வாய்ப்பாடு சொல்லுங்க."

"சார், எனக்குப் பன்னிரண்டுக்கு மேல வராது."

"பரவால்ல, தப்பாவே சொல்லுங்க. உங்க மூளை வேற வேலையில இருக்கணும், அவ்ளோதான்."

அடுத்த முறை, வாய்ப்பாடு வேண்டாம், இருட்டிலேயே தலையை ஆடாமல் வைத்துக்கொள்ளப் பாருங்கள் என்றார். மூன்றாவது முறை எனக்கு நேர் எதிரே ஒரு சின்னச் சிவப்பு விளக்கைப் போட்டு, அதையே பார்க்கச் சொன்னார். வெளியே வந்ததும் கணினியில் காட்டினார். என் தலை ஆடிய ஆட்டம் ஒரு கோடு. அவருடைய சமன்பாடு, இந்தத் தலை இப்படித்தான் ஆடும் என்று சொன்னது இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. விளக்கைப் பார்த்த முறையில் கோடு கிட்டத்தட்ட நேராகவே இருந்தது. எதையாவது பார்க்க வேண்டும் என்று இருந்தால் தலை தானாக அடங்கிவிடும் என்றார். "உங்க கழுத்து ரொம்ப நல்ல கழுத்து, மிஸ்" என்று அவர் சொன்னபோது உதவிக்கு இருந்த மாணவிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவருக்கு அது ஒரு பாராட்டு என்பது கூடத் தெரியாது, அளவெடுத்ததைச் சொன்னார்.

"பாப்பாவோட கோடு எங்க சார்?"

கணினியை மூடிவிட்டார். அந்த நாற்காலியில் பாப்பாவை அவர் உட்கார வைத்ததே இல்லை. ஊரார் தலையை எல்லாம் வெடுக்கென்று இழுத்துப் பார்த்த மனிதரால் அதை மட்டும் செய்ய முடியவில்லை. கணக்கு யாருக்காகத் தொடங்கியதோ அவளைத் தவிர எல்லாருக்கும் சரியாக வந்தது.

ஆனால் கணக்கு அவரைச் சும்மா விடவில்லை. ஒருநாள் ரயிலில் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். வழக்கமாக இப்படிக் காட்டும்போது உற்சாகமாக இருப்பார். அன்றைக்கு இல்லை.

"இந்தத் தடவை கழுத்தை மட்டும் போடல மிஸ். பின்னால இருக்கிற கையையும் சேர்த்துக் கணக்குல போட்டேன். என் கை எவ்ளோ வேகமா வருதுன்னு அளந்து போட்டேன்."

"என்ன வந்துச்சு?"

"உதவி சீக்கிரம் வந்துட்டா கழுத்து கத்துக்கவே கத்துக்காது. அதுக்குத் தப்பு பண்ண நேரம் வேணும். கொஞ்சம் விழணும், விழுறோம்னு தெரியணும், அப்புறம் உதவி வரணும். என் கை ரொம்ப வேகம்." கழுத்து எவ்வளவு கற்றுக்கொள்கிறது என்று சொல்கிற கோட்டைக் காட்டினார். அது ஏறாமல் படுத்தேயிருந்தது. "அவ கழுத்துக்கு வேலையே இல்ல மிஸ். நான்தான் அவ கழுத்து."

"இதைத்தானே சார் நான் தொண்டைத் தண்ணி வத்த வத்தச் சொல்லிட்டிருக்கேன்?"

"நீங்க சொன்னீங்க. இப்பக் கணக்கும் சொல்லுது."

"அப்ப கையை எடுங்க."

"எடுக்கணும்" என்றார். ரயில் பாடாங் ஜாவாவை நெருங்கியது. கை தயாரானது.

முயன்றார், இல்லை என்று சொல்லமாட்டேன். தலை சாய ஆரம்பித்ததும் ஒரு மூச்சு விட்டுவிட்டுத்தான் பிடிப்பது என்று தனக்குத்தானே விதி வைத்துக்கொண்டார். மூச்சை இழுப்பார், விடுவதற்குள் கை போய்விடும். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுவேன், ஒருமுறை சலித்துக்கொண்டே சொன்னார்: "நான் பிடிச்சா கூட நம்ப மாட்டாரு மிஸ். என் கைக்குப் பின்னால இன்னொரு கை வச்சிருப்பாரு." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அவர்கள் மூவரும் கிள்ளானில் ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்தார்கள், நானும் போயிருந்தேன். சாப்பாட்டு மேசையில் ஓர் ஆன்டி, நல்ல மனசுக்காரர்தான், பாப்பாவின் கன்னத்தைத் தடவிவிட்டு, "ஐயோ, இன்னும் தலை நிக்கலையா?" என்று அக்காவிடம் கேட்டுவிட்டார். அக்கா இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர்தான் பதில் சொன்னார். குரலை உயர்த்தவில்லை, வகுப்பில் பேசுவது போலப் பேசினார்.

"ஆன்டி, தலை எவ்ளோ கனம் தெரியுமா? அதை இத்துனூண்டு கழுத்து மேல வச்சு, நீங்க திரும்பிப் பேசுறீங்க, குனிஞ்சு சாப்பிடுறீங்க, ஒண்ணும் கொட்டல, ஒண்ணும் விழல. ரோபோவுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க முடியாம எத்தனை பேர் முழிச்சிட்டிருக்கோம். என் மக தலை நிக்கலையான்னு கேக்குறீங்க. உங்க தலை எப்படி நிக்குதுன்னு எனக்கு இன்னும் முழுசா தெரியல."

ஆன்டி பாவம், பாயசத்தைக் கூடத் தொடாமல் எழுந்து போய்விட்டார். அக்கா கணவர் தொடையில் ஓர் இடி இடித்தார். ஆனால் எனக்குத் தெரியும், அன்றைக்கு அவர் அந்த ஆன்டிக்காக அதைச் சொல்லவில்லை. ஏழு வருடமாக அக்கா தன் உடம்பில்தான் ஏதோ குறை என்று நம்பிக்கொண்டிருந்தார். நிற்பதுதான் அதிசயம், விழுவது அல்ல என்று அவருக்குச் சொல்வதற்காகவே இவர் இத்தனை படிப்புப் படித்தாரோ என்று கூட எனக்கு அன்று தோன்றியது.

எங்களுக்குள் ஒரு சண்டையும் வந்தது. மையத்தில் பாப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் ஸ்பாஞ்சு சுற்றிய பலகையைப் பொருத்தி, தலையை நிமிர்த்தும் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. அவர் வழக்கம்போலப் பின்னால். தலை முன்னால் கவிழத் தொடங்கியது. கை புறப்பட்டது. நான் அவருடைய மணிக்கட்டை எட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"விடுங்க மிஸ்."

"இருங்க சார்."

பாப்பாவின் தலை பாதி தூரம் இறங்கியது. அங்கே நின்றது. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நடுங்கியது. கொஞ்சம் மேலே கூட வந்தது. பிறகு முடியாமல் விழுந்து, நெற்றி பலகையில் பட்டது. ஸ்பாஞ்சுதான், அடி ஒன்றுமில்லை. பயந்துபோய் வீறிட்டு அழுதாள். அவர் என் கையை உதறிவிட்டு அவளை வாரி எடுத்துக்கொண்டார்.

"உங்களுக்குப் பிள்ளை இருக்கா மிஸ்?" என்று கேட்டார். எனக்கு இரண்டு இருக்கிறார்கள். அவருக்கும் அது தெரியும். கேட்டுவிட்டு, அவளை நாற்காலியில் வைத்து, வாசலுக்கு வெளியே பார்வையற்றவர்களுக்காகப் போட்ட மேடுமேடான மஞ்சள் பட்டை மேலேயே நாற்காலியைத் தடதடவென்று உருட்டிக்கொண்டு போனார். தலை எவ்வளவு குலுங்கும் அதில்! அவரே அதைக் கவனிக்காத ஒரே நாள் அதுதான். நான் செய்தது சரி என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வி வலித்தது.

சில வாரம் அக்கா மட்டும் பாப்பாவோடு வந்தார். பிறகு ஒருநாள் அவர்களோடு அவரும் வந்தார், எண்ணெய் ஊறிய காகிதப் பையில் சூடான பீசாங் கோரெங் வாழைப்பழ பஜ்ஜியோடு. பையை மேசையில் வைத்துவிட்டு நின்றார். எங்கள் மையத்தில் ஒவ்வொரு பயிற்சியையும் கைபேசியில் படம் பிடித்துப் பெற்றோருக்கு அனுப்புவோம்.

"அந்த வீடியோவைப் பாத்தேன் மிஸ். எத்தனை தடவைன்னு கேக்காதீங்க. நடுவுல நின்னுச்சே, அது அவதான். நான் இல்ல. மொதல் தடவையா என் கை இல்லாம அவ பண்ணது." கண் கலங்கியிருந்தது. "நான் அப்ப விழுறதைத்தான் பாத்தேன். நின்னதைப் பாக்கல."

நல்ல நேரம் என்று நான் விடாமல் பிடித்துக்கொண்டேன். "சார், உங்க லேப்புல எனக்கு முன்னால ஒரு சிவப்பு லைட்டு போட்டீங்களே. பாக்கிறதுக்கு ஒண்ணு இருந்தா தலை நிக்கும்னு நீங்கதானே காட்டினீங்க? பாப்பாவுக்கு அந்த லைட்டு எங்க? அவளுக்கு உலகத்துல ரொம்பப் பிடிச்ச மூஞ்சி உங்க மூஞ்சிதான். அதைக் கொண்டு போய் அவ முதுகுக்குப் பின்னால வச்சிருக்கீங்க."

இவ்வளவு கணக்குப் போட்டவருக்கு இது தோன்றவே இல்லை. தான் எங்கே நிற்கிறோம் என்பதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார். உடனே அக்காவைப் பின்னால் நிறுத்திவிட்டு முன்னால் வந்து தரையில் மண்டியிட்டார். "பாப்பா, அப்பா இங்க" என்றார்.

குரல் எதிரிலிருந்து வந்தது பாப்பாவுக்குப் புதுசு. தாடை மார்பிலேயே கிடக்க, கண்களை மேலே உருட்டினாள். புருவம் ஏறியது. தலை ஆடி ஆடி எழும்பியது. அவள் முகம் மலர்ந்ததை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. பாதி வந்ததும் தலை ஒரு பக்கம் சரிந்தது. நான் "விடுங்க, அக்கா பாத்துக்குவாங்க" என்பதற்குள் அவர் எழுந்து ஓடிச் சுற்றிக்கொண்டு போய்ப் பின்னால் நின்றுவிட்டார். கை போய்ச் சேர்ந்தது. பாப்பாவின் கண்கள் காலியாகிவிட்ட இடத்தை இப்படியும் அப்படியும் துழாவின.

"சார், தேடுறா பாருங்க."

"இங்கதானே இருக்கேன்" என்றார், அவள் தலைக்குப் பின்னாலிருந்து.

அதற்குப் பிறகும் பலமுறை முன்னால் வந்தார். ஒருமுறை கூடக் கடைசிவரை அங்கே இருக்கவில்லை. அன்பு என்றால் முகத்தைக் காட்டுவது என்று நாம் நினைக்கிறோம். அவருக்கு அது விழாமல் பிடிப்பது. அதற்கு மேல் அவரை என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை. வரும் வருடம் எடுத்துவிடுவேன் என்பார், கையைத்தான். அந்தப் பேச்சு எங்களுக்குள் ஒரு வேடிக்கையாகவே ஆகிப்போனது.

ஒரு காலையில் குளித்துவிட்டு வந்து, சட்டையைப் போட்டுக்கொண்டு, காலில் சப்பாத்து மாட்ட உட்கார்ந்தவர் எழவில்லை. மாரடைப்பு. ஐம்பது வயது கூட ஆகவில்லை. அவருடைய தலை மார்பில் தொங்கிக் கிடந்ததைப் பார்த்து, ஏதோ யோசனையில் இருக்கிறார் என்று அக்கா நினைத்திருக்கிறார்.

நான் போனபோது கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தாடையைச் சேர்த்துத் தலையில் துணி கட்டியிருந்தது. பாப்பாவை உள் அறையில் யாரோ மடியில் வைத்திருந்தார்கள். அந்தப் பெண்ணுக்குப் பிடிக்கத் தெரியவில்லை. தலை கையிலிருந்து நழுவி நழுவிப் போனது. நான் போய் வாங்கிக்கொண்டேன். அன்று முழுக்க நான்தான் வைத்திருந்தேன். அந்தச் சின்னத் தலை அவ்வளவு கனக்கும் என்று இத்தனை வருட வேலையில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒவ்வொரு முறையும் சாயும்போது அது பின்னால், அவர் கை இருக்கும் இடத்துக்கே போனது. என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

பிறகு வெகுகாலம் அவர்கள் மையத்துக்கு வரவில்லை. அக்காவுக்குத் தோள்பட்டை போய்விட்டது. நாற்காலியை ரயிலில் ஏற்றி இறக்க ஆளில்லை. வீட்டில் தையல் வேலை எடுத்துச் செய்கிறார் என்று கேள்விப்பட்டேன். ஒரு பிற்பகல், பார்த்துவிட்டு வரலாம் என்று கிள்ளானில் அவர்கள் இருக்கும் அடுக்குமாடிக்குப் போனேன். எட்டாவது மாடி. லிப்ட்டை விட்டு வெளியே வந்தால் நேர் எதிரே அவர்கள் வீடு. இரும்புக் கம்பிக் கதவு மட்டும் பூட்டி, உள்கதவு விரியத் திறந்திருந்தது.

கம்பிகளுக்கு அப்பால் பாப்பா உட்கார்ந்திருந்தாள். வளர்ந்துவிட்டாள், ஒற்றைப் பின்னல் போட்டிருந்தாள். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேராக, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகுதான் உறைத்தது: அவளுக்குப் பின்னால் யாருமே இல்லை.

அவள் என்னைக் கண்டுகொண்டாள். ஆனால் சிரிக்கவில்லை. கண் என்னைத் தாண்டி லிப்ட் கதவுக்குப் போனது. அது மூடிக்கொண்டது. தலை மெதுவாக இறங்கி மார்பில் சேர்ந்தது. விழவில்லை, இறங்கியது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் என் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். அதற்காக நாங்கள் வருடக்கணக்கில் பாடுபடுகிறோம்.

"அக்கா! தலை நிக்குது!" என்று நான் கத்தியே விட்டேன்.

அக்கா தையல் மிஷினை விட்டு எழுந்து வந்து கதவைத் திறந்தார். மெலிந்திருந்தார். "உக்காருங்க மிஸ்" என்றார். சந்தோஷப்படுகிற முகமாக இல்லை.

"எப்பலேருந்து?"

"அவரு போனப்புறம் என்னால நாள் பூரா பின்னால நிக்க முடியல மிஸ். தச்சாத்தான் சோறு. அதான் இப்படிக் கூடத்துல உக்காத்தி வச்சேன். மொதல்ல தொங்கிக்கிட்டே கெடப்பா. நான் அழுதுக்கிட்டே தைப்பேன். அப்புறம் பாத்தா..."

வெளியே 'டிங்' என்று லிப்ட் வந்து நின்றது. அக்கா பேச்சை நிறுத்தினார். பாப்பாவின் தலை எழும்பியது. நடுக்கம் இருந்தது, ஆனால் எழும்பியது. நேராக வந்து நின்றது. லிப்ட் கதவு திறந்தது. பாசாருக்குப் போய்விட்டு வந்த பக்கத்து வீட்டு மலாய் அம்மா இரண்டு கையிலும் பையோடு இறங்கி, எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். பாப்பா விடவில்லை. காலி லிப்ட்டையே பார்த்தாள். கதவு மூடும் வரைக்கும் பார்த்தாள். பிறகு இறக்கிக்கொண்டாள்.

"சாயங்காலம் அவரு அதுலதானே வருவாரு" என்றார் அக்கா. "வந்ததும் நேரா அவ பின்னால போய் நின்னுக்குவாரு. இன்னும் எதிர்பாக்குறா மிஸ். நான் என்ன சொல்லி அவளுக்குப் புரிய வைக்கிறது? அவரு இருந்து இதைப் பாக்கலையே."

அவர் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று எனக்குத் தெரியும். அவருடைய சமன்பாடு அதைத்தான் சொன்னது. அவருக்கே அது தெரிந்திருந்தது. அதை எப்படி அக்காவிடம் சொல்வது? அக்காவின் கையைப் பற்றிக்கொண்டேன். கணக்குச் சரியாக வந்ததற்காக ஒரு மனுஷன் மேல் எனக்கு அப்படி ஒரு கோபமும் பரிதாபமும் வந்தது அன்றைக்குத்தான்.

"மிஸ், ஒண்ணு கேக்கணும்" என்றார் அக்கா. "நாக்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுடவா? டிவியைப் பாத்த மாதிரி. ஒவ்வொரு தடவையும் லிப்ட் நிக்கிறப்ப அவ பாக்குறதை என்னால தாங்க முடியல."

பாப்பாவைப் பார்த்தேன். அந்தக் கழுத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் தூக்குகிறாள், தாங்குகிறாள், இறக்குகிறாள். நான் எழுதிக் கொடுக்கக்கூடிய எந்தப் பயிற்சியும் இதற்கு ஈடாகாது. இன்னும் கொஞ்ச காலம் இப்படியே போனால் பக்கவாட்டில் திரும்பவும் வந்துவிடும். சாப்பாடு புரையேறாமல் இறங்கும், மூச்சு சீராகும், சளி கட்டாது. இந்தப் பிள்ளைகள் பிழைத்துக் கிடப்பதே அதில்தான் இருக்கிறது.

"திருப்பாதீங்க, அக்கா" என்றேன். "இப்படியே இருக்கட்டும்."

அக்கா என் முகத்தைப் பார்த்தார். தலையை மட்டும் ஆட்டிவிட்டு, மிஷினுக்குத் திரும்பிப் போனார்.

கொஞ்ச நேரம் பாப்பாவோடு இருந்தேன். முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து பாடினேன்; ஒருமுறை சிரித்தாள். இருட்டுவதற்கு முன் விடைபெற்றுக்கொண்டு வெளியே வந்து, லிப்ட் பொத்தானுக்குக் கையை நீட்டினேன். கம்பிக் கதவுக்குள்ளே அவள் தலையைக் கீழே போட்டு ஓய்ந்திருந்தாள். கையை இழுத்துக்கொண்டேன். எட்டு மாடியையும் படியிலேயே இறங்கினேன்.